குன்னூர் உயரத்தில் தேயிலைக்கு எந்த மின்கெட்டில்? வெப்பநிலையை மாற்றி வைக்கும் வகை பற்றி ஆலோசனை வேண்டும்

மலைச்சாரல் (குன்னூர்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் காலைத் தேநீர் பால் சேர்த்து அடுப்பில் கொதிப்பது. அதை மாற்றும் எண்ணம் இல்லை. பிற்பகலில் நானும் என் கணவரும் பால் இல்லாமல் குடிப்பதற்காகத்தான் இந்தக் கேள்வி. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் (தூளாக்காமல் இலையாகவே உருட்டிய கறுப்புத் தேயிலை), உள்ளூர்த் தொழிற்சாலையில் வாங்கும் கிரீன் டீ, மகள் வரும்போது கொண்டுவரும் செஞ்சா என்னும் ஜப்பானியக் கிரீன் டீ ஆகிய மூன்றும் மாறி மாறி நடக்கும். ஆர்த்தடாக்ஸுக்குக் கொதிநீர், கிரீன் டீக்கு 80 டிகிரி, செஞ்சாவுக்கு 70 டிகிரி என்று பொட்டலங்களில் அச்சிட்டிருக்கிறார்கள். இப்போது இருப்பது கொதித்தவுடன் தானாக அணையும் சாதாரணக் கெட்டில். அதைத் திறந்து வைத்து, ஆறியிருக்கும் என்று ஊகித்து ஊற்றுவதால், ஒரே தேயிலை ஒருநாள் துவர்ப்பாகவும் மறுநாள் சப்பென்றும் அமைகிறது.

ஆகவே வெப்பநிலையைக் குறித்துவைக்கும் கெட்டில் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறோம். ஐந்தாறு பொத்தான்கள் மட்டும் உள்ளது போதுமா, அல்லது ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி இறக்கும் வகைதான் வேண்டுமா? கொக்கின் கழுத்துப்போல் நீண்டு வளைந்த மூக்குள்ள கெட்டில்களைத் தேநீருக்கும் பரிந்துரைக்கிறார்கள்; அது தேவையா? அமெரிக்காவில் இருக்கும் மகள், அங்கே நல்லவை மலிவாகக் கிடைப்பதால் ஒன்றை எடுத்து வருவதாகச் சொல்கிறாள். இவற்றோடு இன்னொரு குழப்பமும் இருக்கிறது. பக்கத்து வீட்டில் இத்தகைய கெட்டில் ஒன்று உள்ளது. அதில் 95 என்று வைத்தால் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கிறது, அணைவதே இல்லை. பொருள் பழுதா, அல்லது மலை ஊரில் இப்படித்தான் இருக்குமா?


மின்னோட்டம் (கோவை):

அம்மா, வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மலை ஊரில் இருப்பவர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது அதுதான். பக்கத்து வீட்டுக் கெட்டில் பழுதாகியிருக்க வேண்டிய அவசியமில்லை. கடல் மட்டத்திலிருந்து உயர உயரக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலையும் குறைகிறது. சுமார் 1850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் தண்ணீர் கிட்டத்தட்ட 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். உதகையில் 92க்கும் 93க்கும் இடையில். எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் மூடி இறுக்கமில்லாத பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. 95 டிகிரிக்காகக் காத்திருக்கும் கெட்டிலுக்கு அந்த 95 குன்னூரில் வந்து சேரப்போவதே இல்லை.

உங்களிடம் உள்ள சாதாரணக் கெட்டில் ஏன் ஒழுங்காக அணைகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். அதற்கு டிகிரிக் கணக்கு தெரியாது. கொதிக்கும்போது எழும் நீராவி ஒரு சிறு வழியாக ஸ்விட்ச் பக்கம் வந்து, அங்கிருக்கும் ஈருலோகத் தகட்டைச் சூடாக்குகிறது. தகடு வளைந்ததும் ஸ்விட்ச் விழுகிறது. ஆவி வந்தால் போதும், அது 94இல் வந்தாலும் 100இல் வந்தாலும் தகட்டுக்கு ஒன்றுதான். வெப்பநிலையைக் குறித்துவைக்கும் கெட்டிலிலோ அடிப்பகுதியில் ஓர் உணரி இருக்கிறது. அது காட்டும் எண்ணைப் பார்த்துத்தான் உள்ளிருக்கும் சில்லு மின்சாரத்தை நிறுத்தும். நன்றாகச் சிந்தித்துச் செய்தவற்றில், வெப்பம் சில விநாடிகளாக ஏறாமல் ஒரே எண்ணில் நின்றால் நீர் கொதித்துவிட்டது என்று கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். இன்னும் விலை கூடிய சிலவற்றில் நாம் இருக்கும் ஊரின் உயரத்தையே பதிவு செய்யலாம். ஃபெல்லோ நிறுவனத்தின் ஸ்டாக் ஈ.கே.ஜி. புரோ அத்தகையது. இவ்விரண்டில் எதுவும் இல்லாத கெட்டிலைக் குன்னூரில் வைத்துக்கொண்டால், 80க்கும் 70க்கும் ஒழுங்காக வேலை செய்யும். 95ஐயோ 100ஐயோ அழுத்தும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். எனவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த உயரத்தில் 100 பொத்தானை அழுத்தினால் தானாக அணைகிறதா என்பதே. இணையத்தில் வாங்குவதாக இருந்தால், திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் இதை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

அமெரிக்கக் கெட்டில் வேண்டவே வேண்டாம். அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. கைப்பேசி சார்ஜர் எந்த ஊர் மின்சாரத்துக்கும் இணங்குவதுபோலக் கெட்டில் இணங்காது. அங்கே 1500 வாட் எடுக்கும் சுருளை இங்கே நேரடியாகச் செருகினால், மின்னழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பதால் 5000 வாட்டுக்கு மேல் இழுக்க முயன்று கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாமே என்பார்கள். அவ்வளவு வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டிலைவிடப் பல மடங்கு கனமானது, விலையிலும் மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடும். பிரிட்டனிலிருந்து வருவதானால் மின்னழுத்தச் சிக்கல் இல்லை. ஆனால் அங்குள்ளவை பெரும்பாலும் 3000 வாட், அதாவது 13 ஆம்பியர். அவற்றுக்குப் பிளக்கை மாற்றி, 16 ஆம்பியர் பவர் சாக்கெட்டில் மட்டுமே செருக வேண்டும்.

இங்கே வாங்கும்போதும் வாட் கணக்கைப் பாருங்கள். 1500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டின் அளவை அதுவே சற்றுத் தாண்டுகிறது. பழைய வீடுகளில் அந்தச் சாக்கெட் சூடாவதைக் கையால் தொட்டே உணரலாம். 1800, 2200 வாட் எல்லாம் பவர் சாக்கெட்டுக்கு உரியவை.

வாட் அதிகமானால் விரைவில் காயும் என்பது உண்மைதான், ஆனால் உங்கள் தேவைக்கு அது பாதகமாகவும் முடியலாம். இருவருக்கான 300 மில்லி லிட்டர் நீரில் 1500 வாட்டைச் செலுத்தினால் விநாடிக்கு ஏறத்தாழ 1.2 டிகிரி ஏறுகிறது. உணரி தாமதமாக உணர்வதாலும், அணைந்த பிறகும் அடித்தகட்டில் சூடு மிஞ்சியிருப்பதாலும் மூன்று நான்கு விநாடிகள் பிந்தினால், 80 என்று வைத்தது 84, 85 வரை ஓடிவிடும். அதே கெட்டிலில் ஒரு லிட்டர் நீர் இருந்தால் பிழை ஒன்றரை டிகிரிக்குள் அடங்கும். ஆகவே இருவர் குடிக்கும் வீட்டுக்கு 1.7 லிட்டர் கெட்டில் பொருந்தாது. அவற்றில் பலவற்றின் குறைந்தபட்சக் கோடே அரை லிட்டரில்தான் தொடங்குகிறது. 0.8 அல்லது 1 லிட்டர் கொள்ளளவும், 1000 முதல் 1200 வாட்டும் உள்ளதைத் தேடுங்கள். 6 ஆம்பியர் சாக்கெட்டும் அதைத் தாங்கும்.


இலைச்சுவை (கோத்தகிரி):

மின்னோட்டம் அவர்கள் கெட்டிலின் பக்கத்தை நன்றாக விளக்கிவிட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் சுவை பார்க்கும் மேசையில் நெடுங்காலம் நின்றவன் என்ற முறையில், இலையின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

கெட்டிலின் திரையில் தெரியும் எண் வேறு, இலையைத் தொடும் நீரின் சூடு வேறு. இரண்டுக்கும் நடுவில் உங்கள் பீங்கான் பாத்திரம் இருக்கிறது. மார்கழிக் காலையில் நம் ஊர்ச் சமையலறையில் 18 டிகிரியில் குளிர்ந்திருக்கும் 350 கிராம் எடையுள்ள பீங்கான் குடுவையில், 94 டிகிரியில் உள்ள 300 மில்லி லிட்டர் நீரை ஊற்றினால், பாத்திரமும் நீரும் சமநிலைக்கு வரும்போது சூடு 80 டிகிரியை ஒட்டி வந்துவிடும். கொதிநீரில் போட்டதாக நீங்கள் நம்பும் ஆர்த்தடாக்ஸ் உண்மையில் கிரீன் டீக்கான சூட்டில் ஊறிக்கொண்டிருக்கும். சப்பென்று இருந்த நாள்களுக்குக் காரணம் இதுவாக இருக்க வாய்ப்பு மிகுதி. அதேபோல் 80இல் ஊற்றிய நீர் குளிர்ந்த குடுவையில் 70க்கும் கீழே போய்விடும். பாத்திரம் இவ்வளவைப் பறித்துக்கொள்ளும்போது, 80ஆ 82ஆ என்று ஒவ்வொரு டிகிரியாக வைக்கும் வசதிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 70, 80, 90, கொதிநிலை என்ற நான்கு பொத்தான்கள் இருந்தாலே உங்கள் மூன்று தேயிலைகளுக்கும் போதும். ஆனால் குடுவையை முதலில் வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டு இலையைப் போடும் பழக்கம் கட்டாயம் வேண்டும். செஞ்சாவுக்கு மட்டும் அப்படிச் சூடாக்காமல் விட்டு, ஒரு படி மேலான பொத்தானை அழுத்தினாலும் கணக்குச் சரியாக வரும்.

சூடு ஏன் இவ்வளவு பேதம் செய்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரீன் டீயில் துவர்ப்பைத் தரும் கேட்டகின்களும் கசப்பைத் தரும் காஃபீனும் நீர் சூடாக ஆக மிகுதியாக இறங்கும். வாய்க்கு இதமான இனிப்புச் சாயலைத் தரும் தியனின் போன்ற அமினோ அமிலங்கள் மிதமான சூட்டிலேயே நன்றாகக் கரைந்துவிடும். செஞ்சாவை 70இல் வைக்கச் சொல்வது பின்னதைப் பெற்று முன்னதைக் கட்டுப்படுத்தத்தான். நன்றாகப் புளிக்கவைத்த கறுப்புத் தேயிலையில் கதை வேறு. அங்கே நிறமும் உறைப்பும் முழுதாக இறங்க வேண்டும், அதற்குக் கொதிநீரே தேவை. தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவதற்கான ஐ.எஸ்.ஓ. 3103 நெறிமுறையிலும் 100 மில்லி லிட்டருக்கு 2 கிராம் தேயிலை, கொதிக்கும் நீர், 6 நிமிடம் என்றுதான் வகுத்திருக்கிறார்கள். அது குறைகளை வெளிக்கொணர்வதற்கான முறை. அந்தக் கடுமை வீட்டில் தேவையில்லை, மூன்று நான்கு நிமிடம் போதும். நம் ஊரில் கொதிநீரே 94தான் என்பதால் ஆர்த்தடாக்ஸை அரை நிமிடம் கூடுதலாக ஊறவிடலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காலத்தில் எடுக்கும் நீலகிரித் தேயிலை இதற்கு விலக்கு: அதன் மணம் மெல்லியது, 90க்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

வளைந்த மூக்குள்ள கெட்டில், வடிகட்டித் தாளில் காபித்தூள் மேல் நூல்போல நீரை ஊற்றுபவர்களுக்காக வந்தது. தேயிலை குடுவைக்குள் மூழ்கி ஊறுவது. எங்கே ஊற்றினாலும் நீர் இலையைச் சேரும். அகலமான மூக்குதான் குடுவையை விரைவில் நிரப்பும், சூடும் குறைவாக வீணாகும். ஆனால் சிறிய கொள்ளளவும் குறைந்த வாட்டும் வேண்டும் என்று தேடினால் சந்தையில் கிடைப்பவற்றில் பல வளைந்த மூக்குள்ளவையாகவே இருக்கின்றன. அப்படி அமைந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. அதன் அழகுக்காகத் தனியே பணம் கொடுக்க வேண்டாம் என்பதே நான் சொல்வது.


சிக்கனம் (சென்னை):

பெரியவர்கள் இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும், இருக்கும் கெட்டில் நன்றாக வேலை செய்யும்போது புதிய ஒன்று எதற்கு என்ற கேள்வியை யாராவது கேட்டாக வேண்டும். வெந்நீரோடு தண்ணீரைக் கலந்தால் கிடைக்கும் சூட்டைக் கணக்கிட உயர்நிலைப் பள்ளிக் கணிதம் போதும். உங்கள் ஊரில் 94 டிகிரியில் கொதித்த நீர் நான்கு பங்கும், 18 டிகிரியில் உள்ள குடிநீர் ஒரு பங்கும் சேர்ந்தால் 79 டிகிரி. மூன்றுக்கு ஒன்று என்று கலந்தால் 75. எங்கள் சென்னையில் 100 டிகிரி நீர் மூன்று பங்கோடு, கோடையில் 30 டிகிரியில் இருக்கும் குடிநீர் ஒரு பங்கைச் சேர்த்தால் 82. குடுவையில் முதலில் குளிர்ந்த நீரை அளந்து ஊற்றி, அதன்மேல் கொதிநீரை ஊற்றி, பிறகு இலையைப் போட்டால் வேலை முடிந்தது. ஜப்பானியர்கள் இதற்கென்றே மூக்குள்ள ஒரு கிண்ணம் வைத்து, கொதிநீரை அதில் மாற்றி ஆற்றுகிறார்கள். ஒரு முறை பாத்திரம் மாற்றினால் பத்து டிகிரியை ஒட்டிக் குறையும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை வைத்து முதலில் சரிபார்த்துக்கொண்டால், பிறகு அளவுக் கோப்பையே வழிகாட்டிவிடும்.

இன்னொன்று, வாங்கிய பிறகு நேரும் தொல்லை. எங்கள் பகுதியில் போர் தண்ணீரை ஊற்றினால் கெட்டிலின் அடியில் சில வாரங்களிலேயே வெள்ளையாக உப்புப் படிந்துவிடுகிறது. சாதாரணக் கெட்டிலில் அது சூடேறுவதைத் தாமதப்படுத்துவதோடு நிற்கும். உணரியை நம்பியிருக்கும் கெட்டிலில் அந்தப் படிவு கணக்கையும் குழப்பாதா? பால் இல்லாத தேநீரின் மேல் ஆடைபோல மினுங்கும் படலம் எழுவதற்கும் இந்தச் சுண்ணாம்புத் தண்ணீர்தான் காரணம். அதற்கு எந்தக் கெட்டிலும் மருந்தல்ல, தண்ணீரை மாற்ற வேண்டும்.


மலைச்சாரல் (குன்னூர்):

மூவருக்கும் மிக்க நன்றி. அமெரிக்கக் கெட்டில் பேச்சை இன்றே முடித்துவிட்டேன். கலந்து ஊற்றும் முறையில் எனக்கு ஒரு தயக்கம். எங்கள் வீட்டுக்கு வருவது ஊற்றுத் தண்ணீர், காய்ச்சாமல் குடிப்பதில்லை. குளிர்ந்த நீரைச் சேர்ப்பதானால் முன்பே காய்ச்சி ஆறவைத்து எடுத்து வைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்தபோதுதான் இன்னொன்றும் தோன்றியது: 70 டிகிரியில் அணையும் கெட்டிலில் அந்தத் தண்ணீர் கொதிக்கவே இல்லையே, அது குடிக்கத் தகுந்ததாகுமா? மேலும் மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் அடிக்கடி போய்ப் போய் வரும். சூட்டைத் தக்கவைக்கும் வசதி அப்போது என்ன ஆகும்?


மின்னோட்டம் (கோவை):

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். வடிகட்டியில் சுத்திகரித்த நீராக இருந்தால் நேரே 70க்குச் சூடாக்கலாம். ஊற்றுத் தண்ணீரைக் கட்டாயம் கொதிக்கவிட்டே ஆற்ற வேண்டும். பொதுவாக ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும் என்பார்கள். 2000 மீட்டருக்கு மேலான ஊர்களில் மூன்று நிமிடம் என்று அறிவுறுத்துகிறார்கள். குன்னூர் அந்த எல்லையை ஒட்டியிருப்பதால் நீங்களும் மூன்று நிமிடம் என்றே வைத்துக்கொள்வது நல்லது. தானாக அணையும் கெட்டில் அவ்வளவு நேரம் கொதிக்கவிடாது. ஆகவே காலையில் அடுப்பிலேயே ஒரு பாத்திரம் நீரைக் காய்ச்சி மூடிவைத்துவிட்டு, பிற்பகலில் அதைக் கெட்டிலில் ஊற்றி 70க்கோ 80க்கோ சூடாக்குவதே எளிது. முதலில் கொதிக்கவைத்து, பிறகு குறித்த சூட்டுக்கு ஆறும்வரை காத்திருந்து ஒலியெழுப்பும் வசதி சில கெட்டில்களில் உண்டு. ஆனால் மூடிய கெட்டிலில் ஒரு லிட்டர் நீர் 94இலிருந்து 80க்கு இறங்கக் கால் மணி நேரம்கூட ஆகலாம், 70க்கு இன்னும் நெடுநேரம். மகள் செஞ்சாவை எடுத்துவைத்துக் காத்திருக்க மாட்டாள்.

மின்சாரம் போனால் பெரும்பாலானவற்றில் சூடு தக்கவைக்கும் கட்டளை அழிந்துவிடும். மின்சாரம் திரும்பியதும் தானாகத் தொடங்காது. ஆளில்லாத வீட்டில் கெட்டில் தானாகச் சூடேறக் கூடாது என்பதால் அது குறையல்ல, நல்ல பண்பே. கடைசியாக வைத்த எண்ணையாவது நினைவில் வைத்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் 100இலிருந்து கீழே இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் வேலை முடிந்ததும் சாக்கெட் ஸ்விட்சையே அணைத்துவிடுவது, கெட்டிலை உட்காரவைக்கும் அடித்தளத்துக்கு நல்லது. இவ்வகைக் கெட்டில்களில் திரையும் சில்லும் பெரும்பாலும் அந்த அடித்தளத்தில்தான் இருக்கின்றன. மின்சாரத்தோடு உணரியின் குறிப்பும் அதன் வழியே போய்வர வேண்டியிருப்பதால் நடுவிலுள்ள இணைப்பில் கூடுதல் தொடர்புகள் இருக்கும். சாதாரணக் கெட்டிலின் அடித்தளத்தை மாற்றாகப் பொருத்த முடியாது. எனவே அடித்தளம் தனியாகக் கிடைக்குமா, உத்தரவாதம் அதற்கும் சேர்த்தா என்று கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் மூன்று முனைப் பிளக்கும் இல்லாத பொருளைத் தொட வேண்டாம்.

சிக்கனம் அவர்கள் கேட்ட உப்புப் படிவு நியாயமான கவலைதான். படிவு தடிக்கும்போது அடித்தகட்டின் சூடு நீருக்குச் சரியாகப் போய்ச் சேராது, தகட்டை ஒட்டியிருக்கும் உணரி நீர் காய்வதற்கு முன்பே காய்ந்துவிட்டதாகக் கருதிவிடும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைப்பதை ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டுச் சூடாக்கி, அரை மணி நேரம் விட்டுக் கொட்டிக் கழுவினால் படிவு கரைந்துவிடும். இரும்பு நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. நீலகிரியின் ஊற்று நீரில் பொதுவாகச் சுண்ணாம்பு குறைவு என்பதால் இந்த அம்மாவுக்கு அந்த வேலை அரிதாகவே வரும்.


இலைச்சுவை (கோத்தகிரி):

ஒன்றைச் சேர்க்க மறந்துவிட்டேன். கெட்டிலின் உட்புறம் முழுதும் துருப்பிடிக்காத எஃகா, மூடியின் அடிப்பாகமும் எஃகா என்று கையை விட்டுப் பாருங்கள். மூடியில் பிளாஸ்டிக் இருந்தால் ஆவி அதில் பட்டுச் சொட்டும். காபியில் தெரியாத அந்த வாடை செஞ்சாவில் உடனே தெரியும். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிப் பட்டை இல்லாததே மேல். அதன் ஓரங்களில்தான் நாளடைவில் கசிவு தொடங்குகிறது.

செஞ்சாவை ஒருமுறை ஊற்றியதோடு இலையைக் கொட்டிவிடாதீர்கள். முதல் ஊற்று 70இல் ஒரு நிமிடம். இலை விரிந்துவிடுவதால் இரண்டாவது ஊற்றுக்குப் பத்துப் பதினைந்து விநாடியே போதும், ஆனால் சூடு 80க்கு ஏற வேண்டும். முதல் கோப்பையைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே, கெட்டிலை அணைக்காமல் 70இலிருந்து 80க்கு மாற்ற முடிகிறதா என்பதைக் கடையில் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுங்கள். சில கெட்டில்களில் தொடங்கிய பிறகு எண்ணை மாற்ற முடிவதில்லை, முழுதும் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது.